பைப்பைத் திறந்தவன்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் தண்ணீர்த் தொட்டியைக் காலியாக்கியவன் நான்தான். செல்வி அக்கா அல்ல.

முகம் சுளிக்காதீர்கள்... இன்னும் இருக்கிறது, கேளுங்கள்!

அப்புத்தளையில் நான் வேலை பார்க்கும் விடுதியில் தங்கிய பயணி ஒருவர், தம் பழைய பிலிம் கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே உருத்துலக்கும் வித்தையைக் காணொளி பார்த்துக் கற்றேன். கடைசியில் மருந்து முழுவதும் போக, ஓடும் தண்ணீரில் அரைமணி நேரம் கழுவ வேண்டுமாம். இல்லாவிட்டால் படம் நாளடைவில் கெட்டுவிடுமாம்.

ஓடும் தண்ணீர்! மழையில்லாத மாதம். லயம் முழுவதற்கும் ஒரே தொட்டி, அதையும் ஊற்று சொட்டுச் சொட்டாகத்தான் நிரப்பியது. எனக்குத் தெரியாதா? தெரியும்! எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்த பகலில் எங்கள் வீட்டுப் பைப்பைத் திறந்துவிட்டேன்.

மாலையில் வந்த பெண்களுக்குக் கைகால் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. நான் விடுதி வேலைக்குப் போயிருந்ததாகவே நினைத்தார்கள்; காய்ச்சலென்று அன்று வீட்டிலிருந்தவள் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா. பின்பக்கம் காய்க்காகப் போஞ்சிக்கொடி போட்டிருந்தவளும் அவள்தான். சூழ்ந்துகொண்டார்கள்.

“ஒன் போஞ்சிக்குத்தானேடி பாய்ச்சுன?”

“ஆத்தா மேல சத்தியமா நா பைப்பத் தொடவே இல்லீங்க!”

யார் கேட்டார்கள்? கொடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அவள் வீட்டுக்குப் போகும் குழாயைத் தோட்டத்துச் சங்கத் தலைவரே வெட்டினார். நான் வாசலில் நின்று பார்த்தேன்... உள்ளே ஈரப் பிலிம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரிக்காமல் பாய்ந்தவர்கள்மேல் எனக்குக் கோபம். எங்களுக்கு ஒரு தொட்டியைக் கட்டிவிட்டு, தோட்ட மேலாளரான துரையின் பங்களாப் பூச்செடிகளுக்குத் தாராளமாய்ப் பாய்ச்சுகிறவர்கள்மேலும் கோபம். சீ! ஊரைத் திட்டி நான் தப்பிக்கப் பார்க்கிறேனே!

பிறகுதான் அறிந்தேன். பிலிம் டப்பாவில் தண்ணீர் நிரப்பி, குலுக்கிக் கொட்டி, சில தடவை மாற்றினாலே போதுமாம். ஒரு வாளித் தண்ணீர்கூட ஆகாதாம்!

அந்தப் பிலிமில்தான் அக்காவின் படமும் இருந்தது. போஞ்சிப் பந்தல் நடுவே இடுப்பில் கைவைத்துச் சிரிக்கிறாள். பதுளையில் பிரதி போட்டுக் கொடுத்தேன். எதற்கு? நான் நிம்மதியாகத் தூங்குவதற்கா?

இன்றும் அவள் பள்ளத்து ஓடையிலிருந்துதான் குடம் சுமக்கிறாள். நேற்று என்னைக் கண்டதும் நின்றாள்.

“செடியெல்லாம் அந்தப் படத்துலயாவது இருக்கே தம்பி. நீங்க நல்லா இருக்கணும்.”

நன்றாக இருக்க வேண்டுமாம்... நான்!

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வழியில் எங்களைத் தவிர ஆளில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.