இருபத்தைந்தாவது பால்ரஸ்

மார்லிஸ் ஹெய்க்கிலா இருபத்திரண்டு வருடமாக அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஒவ்வொரு நடை முடிந்ததும் கடைசி இருக்கை வரை நடந்து, தூங்கிப்போன பிள்ளை ஏதாவது கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். தட்டிலிருக்கும் பட்டாணியையும் எண்ணித்தான் சாப்பிடுவாள் என்று மற்ற ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள். புருஷன் செத்த பிறகு சனிக்கிழமைகளில் அவளுக்குத் துணை, கராஜில் அவள் பழுதுபார்க்கும் பழைய சைக்கிள்கள்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை வந்து நின்றவன் தம்பி டுவேன். இரண்டு வருடம் கழித்து வாசலை மிதிக்கிறான். குடித்துவிட்டு அவன் வண்டி எடுத்ததைப் பார்த்து போலீசுக்கு போன் செய்தவள் இவளேதான். லைசென்ஸ் போயிற்று; அக்கா தம்பி பேச்சும் போயிற்று. இப்போது ஒன்பது மாதமாக அவன் குடியைத் தொடவில்லை. திங்கட்கிழமை முதல் துறைமுகத்துக் கேன்டீனில் வேலை. போய்வர, எங்கோ கிடந்த அறுபது வருடத்துச் சைக்கிள் ஒன்றை உருட்டி வந்திருந்தான். ஹேண்டிலைத் திருப்பினால் மண்ணை மென்றதுபோல் கரகரத்தது.

"பால்ரஸ் எல்லாம் தேஞ்சு கெடக்குடா. புதுசு போட்டுத் தரேன்."

"போடு. எங்கிட்டருந்து வண்டிய புடுங்கத்தான் உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவள் சிரித்துவைத்தாள். சுருக்கென்றுதான் இருந்தது.

கைப்பிடித் தண்டுக்கு மேலே பால்ரஸ் உட்காரும் ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம். கிரீஸ் தடவி, உதிரிக் குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டவைக்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் இருபத்தைந்து நெருக்கமாக நிற்கும். நின்றதும், மற்றவை உருள இடம் விட்டு ஒன்றை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஏதாவது பள்ளத்தில் தூக்கிப் போடும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஹேண்டில் அப்படியே இறுகிவிடும்.

கீழ்க் கிண்ணத்தில் அவள் அடுக்கிக்கொண்டிருந்தபோது டுவேன் கேட்டான்: "அன்னிக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"சொன்னா சாவியக் குடுத்திருப்பியா?"

"மாட்டேன்தான். இருந்தாலும் கேட்டிருக்கலாம்."

அவள் அடுத்த குண்டை எடுத்து ஒட்டினாள். மேல் கிண்ணத்தையும் அடுக்கி வேலையை முடித்தாள். அவன் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

பிறகுதான், மிஞ்சிய குண்டுகளைப் போட்டுவைத்த டப்பா மூடியைப் பார்த்தாள். ஐம்பது குண்டுப் பொட்டலம். கிண்ணத்துக்கு ஒன்றாக இரண்டு மிஞ்சியிருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. தரையில் தவழ்ந்து தேடினாள், பெஞ்சை நகர்த்தினாள். கிடைக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் இருபத்தைந்தும் அப்படியே போய்விட்டதோ? அவன் வீட்டுக்குப் போகிற வழி ஏரியைப் பார்த்துச் செங்குத்தாக இறங்குகிற தெரு. மூன்று முறை கூப்பிட்டாள், அவன் எடுக்கவில்லை. ஸ்பானரைக் காரில் எறிந்துவிட்டுப் பறந்தாள்.

இறக்கத்தின் தலைப்பில், சைக்கிளில் உட்கார்ந்தபடி ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தவனின் குறுக்கே காரை நிறுத்தினாள்.

"எறங்குடா! சைக்கிளக் குடு!"

டுவேனின் முகம் செத்துவிட்டது. "நான் குடிக்கல, மார்லிஸ். வேணும்னா மோந்து பாரு."

"ஐயோ, அது இல்லடா! தப்பு என்னோடது. ஒரு குண்ட எடுக்க மறந்துட்டேன்னு நெனைக்கிறேன்."

தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றிப் புல்லில் விரித்துச் சைக்கிளைக் கவிழ்த்தாள். நட்டைத் தளர்த்திக் குண்டுகளைக் கோட்டில் கொட்டி எண்ணினாள். கீழே இருபத்துநாலு. மேலே இருபத்துநாலு. அவள் கை தப்பு செய்திருக்கவில்லை. தொலைந்தது கராஜில்தான் எங்கோ உருண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகத் துடைத்து, டுவேன் பார்க்கப் பார்க்க, சத்தமாக எண்ணித் திரும்பவும் அடுக்கினாள்.

"சரியா இருக்குடா. தைரியமா ஏறி ஓட்டு."

அவன் ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தான். "நல்லா வேலை செஞ்சிருக்க. தாங்க்ஸ்."

"அப்போ ஏறு."

"பரவால்ல. நடந்தே போறேன்."

"அதான் எண்ணிட்டேனேடா!"

"எண்ணின. காலைலயும்தான் எண்ணின. அப்புறமும் உனக்கே சந்தேகம் வந்துச்சே," என்றான் டுவேன். அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவன் இறங்கினான். ஏரி வரைக்கும் பதினோரு குறுக்குத்தெரு தாண்டுகிற இறக்கம். மார்லிஸ் காருக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு இடத்திலும் அவன் ஏறவில்லை.