சாப்பிடக்கூடிய ஓட்டைகள்

கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்த படிகங்களைச் செய்வதுதான் என் ஆராய்ச்சி. ஓட்டைக்குள் மருந்தையோ வாசனையையோ அடைத்து வைக்கலாம். மற்றவர்கள் வாயில் வைக்க முடியாத ரசாயனங்களில் செய்து பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். என் பேராசிரியைக்கு மட்டும் தின்னக்கூடிய சாமான்களில் வேண்டுமாம்.

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊரான பந்தல்குடிக்கு வந்தபோது வேலையும் கூடவே வந்தது. மாவுச்சத்திலிருந்து எடுத்த ஒருவகைச் சர்க்கரை கையில் இருந்தது. பொட்டாசியம் உப்பு வீட்டிலேயே கிடைத்தது. ரத்த அழுத்தத்துக்காக வாங்கி, ருசி பிடிக்காமல் அப்பா ஒதுக்கி வைத்தது. இரண்டையும் தண்ணீரில் கரைத்து, அந்தக் கிண்ணத்தைச் சாராயம் ஊற்றிய பாத்திரத்துக்குள் வைத்து மூட வேண்டும். ஆவி மெல்ல உள்ளே இறங்க, படிகம் வளரும்.

அக்கா வீட்டுக்காரரிடம் வோட்கா வாங்கித் தரச் சொன்னேன்.

"எதுக்கும்மா?"

"ஆராய்ச்சிக்கு அத்தான்."

"நானும் அதத்தான் இத்தன வருசமாச் சொல்றேன். உங்க அக்கா நம்ப மாட்டேங்கா."

பத்து நாளாகியும் ஒன்றும் வளரவில்லை. வோட்காவில் பாதிக்கு மேல் தண்ணீர். பாட்டிலில் இருந்த மிச்சத்துக்கு அத்தானே பொறுப்பேற்றுக்கொண்டார். பிறகு பேராசிரியை, தானியத்தில் வடித்த சுத்தமான சாராயத்தைக் கொடுத்தனுப்பினார். ஒரே வாரத்தில் கிண்ணத்தின் அடியில் குட்டிக் குட்டிக் கனசதுரங்கள் மின்னின.

அவற்றை வடித்துத் தட்டில் பரப்பிவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போய் வருவதற்குள் தட்டு காலி. அப்பா மென்றுகொண்டிருந்தார்.

"ஏந்தாயி, என்ன கல்கண்டு இது? உப்புப் போடாத பிஸ்கோத்து மாதிரில்ல இருக்கு!"

குடிக்கிறவன் வீட்டில் அப்பா பச்சைத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். காயாத அந்தப் படிகத்தின் ஓட்டைகளிலோ சாராயம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சொட்டு தேறாது. ஆனாலும் பதறிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அவுககிட்ட சொல்லிராத. வாயக் கொப்பளிச்சே தொட்டித் தண்ணியக் காலி பண்ணிருவாக."

சொல்லவில்லை. மறுநாள் அப்பா டீக்கடையில், "எம் மக வீட்டுலயே கல்லு செய்றா, தின்னு பாத்தேன்" என்று பெருமையடித்துவிட்டு வந்தார். கேட்டவர்களின் காதில் எந்த 'ல' விழுந்ததோ, சாயங்காலம் ஒரு லாரி டிரைவர் வாசலில் நின்று பணிவாகக் கேட்டார்: "இங்க கள்ளு கெடைக்குமாம்ல?"

அப்பா அவரைத் தூத்துக்குடி ரோடு வரைக்கும் விரட்டிக்கொண்டு போனார். நான் அடுத்த கிண்ணத்தை நிதானமாக மூடி வைத்தேன்.