பாறைமேல் ஒரு போன், குவைத்தில் ஒரு மகள்

'உலகை மிரட்டும் ஆபத்துகள்' என்று போன வாரம் பெரிதாக ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். வளைகுடாவில் ஏவுகணை, மூடிய வான்வெளி, கப்பல் போக முடியாத கடல்... பாதியில் நுவரெலியா மலையில் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன். பெரியம்மா மகள் செல்வராணி அக்கா.

"தம்பி, கௌசி மூணு நாளா பேசல. ஒனக்குத்தான் நாலு பேரத் தெரியுமே, கொஞ்சம் விசாரிச்சு சொல்லேன்."

கௌசி, அக்காவின் ஒரே மகள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. எனக்கு நாலு பேரைத் தெரியும்தான் — நாலு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை ஹட்டனில் பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா லயத்து வரிசை வீட்டில் இல்லை. தேயிலை மலையில் ஒரு பாறைமேல் போனோடு உட்கார்ந்திருந்தார். அந்தத் தோட்டத்தில் அங்கேதான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும்.

கொழுந்து பறிக்கிற நேரத்தில் எப்படி உட்கார முடிகிறது? கிலோ குறைந்தால் அரைப் பேர்தானே, பாதிச் சம்பளம்தானே!

கீழே பார்த்தேன். தேயிலைச் செடி வரிசையில் தன் நிரையை முடித்து வருகிற ஒவ்வொரு பெண்ணும் அக்காவின் சாக்கில் இரண்டு கை கொழுந்து போட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போனார். மேற்பார்க்கிற கங்காணி? அவர் வேறு பக்கம் திரும்பி நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"எம் மருமக துபாய்ல இருக்கா. நாளைக்கு நான் ஒக்காந்தா இவங்க எல்லாரும் என் சாக்குல போடுவாங்க" என்றார் ஒருவர், வெகு சாதாரணமாக.

பிரமித்துப் போனேன். வல்லரசுகள் மாநாடு கூட்டிக் கையெழுத்துப் போட்டு, மை காய்வதற்குள் மீறுகிற ஒப்பந்தங்களைப் பற்றித்தான் நான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். இந்த மலையில் கையெழுத்தும் இல்லை, மீறலும் இல்லை.

மதியம் அக்காவின் போன் அடித்தது. அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கர் தட்டுப்பட்டுவிட, கௌசியின் அழுகை எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா! நல்லா இருக்கீங்களா? நுவரெலியாப் பக்கம் மண்சரிவாமே, பக்கத்து வீட்டுல வேல செய்ற சிங்கள அக்கா சொன்னாங்க. நாலு நாளா லைனே கெடைக்கல. பயத்துல தூங்கவே இல்லம்மா!"

"இங்க ஒன்னுமில்லடி. கீழ் லயத்துல செவுரு ரெண்டு விழுந்துச்சு, அவ்வளவுதான். ஒனக்கு என்னாச்சு?"

"எனக்கா? மேல வானத்துல சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. அத விடுங்க... மொதல்ல லயத்த விட்டுட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்கம்மா!"

இரண்டு பேரில் யாருக்கு ஆபத்து? அம்மாவைக் கேட்டால் மகளுக்கு என்பார். மகளைக் கேட்டால் அம்மாவுக்கு என்பாள்.