சாம்பல் மூடிக் குழாய்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் 'கறார்'. பதினெட்டு வருஷமாக ஊசி பிடிக்கிற கை. காலையில் ஷட்டர் ஏறியதும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களை ஒரு நோட்டம் விடுவாள். யார் உண்மையாகவே வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார், யார் காதில் பூச்சுற்ற வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும் என்பாள். பாதி நாள் அது சரியாகவும் இருந்து தொலைத்தது.

பள்ளிக்கூடத்தில் பிட் அடித்த பழக்கத்தை மனிதர்கள் ரத்தம் கொடுக்கும்போதும் விடுவதில்லை என்பது அவள் கட்சி. ஒரு பாங்க் மேனேஜர் வருவார். மூன்று மாதம் கண்டதையும் அள்ளிப் போட்டுக்கொள்வார். டெஸ்டுக்கு நாலு நாள் இருக்கும்போது திடீரென்று முனிவராகிவிடுவார். வெறும் வயிற்றுச் சர்க்கரை தொண்ணூற்றாறு என்று வந்ததும், "பாத்தீங்களா, நூறுக்குள்ள!" என்று அவளிடமே வந்து பீற்றிக்கொண்டார்.

"சார், இது இன்னைக்குக் காலைல என்ன இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும்" என்றாள். "நூறுக்குள்ள இருந்தா நல்லது. நூத்தி இருபத்தாறைத் தொட்டா சர்க்கரை வியாதி. நடுவுல இருந்தா வாசப்படியில நிக்கறீங்க. ஆனா மூணு மாசத்துக்கும் சேத்து ஒரு டெஸ்ட் இருக்கு. சிவப்பணு மேல சர்க்கரை ஒட்டிக்கிட்டா அந்த அணு சாகற வரைக்கும் போகாது. நாலு நாள் பட்டினிக்கெல்லாம் அது மசியாது. எடுக்கட்டுமா?"

எடுத்தாள். ஆறரை வந்தாலே வியாதி என்கிற அந்த டெஸ்டில் அவருக்கு ஒன்பது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கறாருக்கு அன்று முழுக்கக் கொண்டாட்டம். டெஸ்டுக்குக் குடிக்கக் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, குடித்தது மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வந்த டீச்சரையும் இப்படித்தான் கையும் களவுமாகப் பிடித்தாள். "ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கிறது வாஷ்பேசின் ரத்தத்தையா டீச்சர்?" என்று நாலு பேர் எதிரில் கேட்டாள். இப்படி ஊரை நக்கலடித்தே அவள் வயிறு நிறைந்தது.

வீட்டில் ஒரு மனிதர் இருந்தார். புருஷன். பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுக்கிற வேலை, பொழுதன்றைக்கும் நின்ற கால். ஆள் குண்டு, இனிப்பு என்றால் உயிர், ஊசி என்றால் அதே உயிர் போய்விடும். ஒரு குழாய் நிறைவதற்குள் கண் சொருகும், இரண்டாவதை எடுத்தால் கட்டிலோடு சாய்ந்துவிடுவார். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, விடிந்தும் விடியாததுமாக அவர் படுத்திருக்கும்போதே ஒரே ஒரு குழாயில் எடுத்துவிடுவாள். சிவப்பு மூடிக் குழாய். கொழுப்பு, சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். குழாய் கைப்பைக்குள் போகும், கைப்பை இரண்டு பஸ் மாறும்.

கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை பார்ப்பவர்களின் வீட்டு ரத்தத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் வந்தவர்களின் ரத்தமெல்லாம் முடிந்த பிறகுதான் அதை மெஷினில் ஏற்றலாம். 'வீட்டு டியூப்' என்று அதற்குப் பெயர். ஸ்டாண்டின் கடைசி ஓட்டையில் புருஷனின் ரத்தம் மதியம் வரை தேமே என்று நின்றுகொண்டிருக்கும். முதல் வருஷம் தொண்ணூற்றெட்டு. அப்புறம் நூற்றொன்று, நூற்று நாலு, நூற்று மூன்று. நூறை ஒன்றிரண்டு தாண்டினால் என்ன, நார்மல்தான் என்று அவரிடம் சொல்லிவிடுவாள்.

"எனக்கென்ன, வீட்லயே லேப் வெச்சிருக்கேன்" என்று அவர் கடையில் எல்லோரிடமும் அளந்துகொண்டு, டாக்டர் வீட்டுப் படியே மிதிக்காமல் இருந்தார். அவளும் அதைக் கேட்டுப் பூரித்துப்போனாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். வலது காலில் ஒன்றுமில்லை. பஸ்ஸில் கழன்றதோ, இறங்கும்போது கழன்றதோ, அவருக்கே தெரியவில்லை. அவள் சொல்லித்தான் குனிந்து பார்த்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத. கொஞ்ச நாளாவே பாதம் பஞ்சு மேல வெச்ச மாதிரிதான் இருக்கு. சுகரா இருக்குமோ?"

"உங்களுக்கா? போன மாசம்தானே நூத்தி மூணு? வாசப்படிதான். பொழுதன்னைக்கும் நின்னா மரத்துத்தான் போகும். வேற நல்ல செருப்பா வாங்குங்க."

இதைச் சொன்னவள் யார்? ஒரே ஒரு நம்பரைப் பிடித்துக்கொண்டு தொங்கிய மேனேஜரைக் கேலி செய்த அதே மகராசி.

மறுவாரம் அவளிடம் 'ஹெல்மெட்' சிக்கினான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற ஆள். உள்ளே வந்தாலும் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாததால் அந்தப் பெயர். நாலு மணி நேரம் சுற்றிவிட்டு, சர்க்கரைக்கான ரத்தத்தைச் சிவப்பு மூடியில் கொண்டுவந்து வைத்தான். அவள் பிடிபிடியென்று பிடித்தாள்.

"மூளைக்குத்தான் ஹெல்மெட் போட்டிருக்கியா? வெளிய எடுத்துட்டாலும் ரத்தத்துல அணு உயிரோடதான்யா இருக்கு! அது சர்க்கரையைத் தின்னுக்கிட்டேதான் இருக்கும். அதை நிறுத்தற மருந்து சாம்பல் மூடிக்குள்ளதான் இருக்கு. இல்லைன்னா சீக்கிரமா மெஷின்ல சுத்தி அணுவைத் தனியாப் பிரிச்சிடணும். இப்படி வெயில்ல சுத்திட்டு வந்தா இருநூறு இருக்கறவனுக்கு நூத்தம்பது காட்டும். அவன் ஜாலியா வீட்டுக்குப் போய்த் தின்னுட்டுச் சாவான். யார் பதில் சொல்றது?"

ஹெல்மெட் கோபப்படவில்லை. "தப்புதான்கா" என்றான். கொஞ்சம் தயங்கி, "ஆனா உங்க வீட்டு டியூபும் சிவப்பு மூடிதானே? மத்தியானம் வரைக்கும் ஸ்டாண்ட்லதானே நிக்குது? அதுக்கு ஏதோ கணக்கு வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

எந்தக் கணக்கும் இல்லை. பதினெட்டு வருஷம் ஊராருக்கு வகுப்பெடுத்தவள், தன் புருஷனின் ரத்தத்தை நாலு வருஷமாக ஆறேழு மணி நேரம் புழுங்கவிட்டு, அணுக்கள் தின்றது போக மிச்சத்தை எண்ணி நார்மல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த ஆளுக்கு ஊசி போட முடியாமல் எழுந்து போனாள்.

மறுநாள் அவரைக் கூடத்துக்கே கூட்டி வந்தாள். சாம்பல் மூடியில் ஒன்று, மூன்று மாத டெஸ்டுக்கு ஊதா மூடியில் ஒன்று. அவர் கண் சொருகினார்; விடவில்லை. கையோடு மெஷினில் ஏற்றினாள். வெறும் வயிற்றில் நூற்றெண்பத்தெட்டு. மூன்று மாதத்துக்கு எட்டே முக்கால். ஒன்று மட்டும் ஏறியிருந்தால் இன்னொரு நாள் திரும்ப எடுத்து உறுதி செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்ததால் அந்த நப்பாசைக்கும் வழியில்லை.

"போன மாசம் நூத்தி மூணுன்னியே?" என்றார் அவர்.

"திடீர்னு ஏறிடுச்சுங்க" என்றாள் அவள். ஆயிரம் பேர் அவளிடம் சொல்லி, அவள் ஆயிரம் தடவை கேலி செய்த பொய். கூசாமல் வாயில் வந்தது.

டாக்டரின் அறையில் அவர் படுத்துக்கொண்டு சளசளவென்று பேசினார். "வருஷா வருஷம் டெஸ்ட் பண்றோம் டாக்டர். இவதான் எடுப்பா. நாலு வருஷமா நார்மல். லேப்லயே இவளை மாதிரி கறாரா பாக்கற ஆள் கெடையாது."

டாக்டர் ஒரு நைலான் நரம்பைக் கையில் எடுத்தார். தூண்டில் நரம்பு மாதிரி, ஒரு விரல் நீளம். "கண்ணை மூடிக்கோங்க. பாதத்துல அங்கங்க தொடுவேன். தொடறது தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டாக்டர் வலது கால் பெருவிரலில் நரம்பை வைத்து, அது வளையும் வரை அழுத்தினார். பிறகு நடுவிரல். சுண்டுவிரல். விரல்களுக்குக் கீழே மூன்று இடம். பாதத்தின் நடுவில், ஓரத்தில், குதிகாலில். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு தடவையும் அவர் உதட்டைப் பார்த்தாள். அது அசையவில்லை. ஊசிக்குக் கண் சொருகுகிற மனுஷன், பரீட்சைப் பிள்ளை மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

கடைசியில் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?"

டாக்டர் நரம்பைத் தட்டில் வைத்தார். அவள் கட்டிலருகே போய் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்திருப்பதும் அவருக்குத் தெரியவில்லை.

"முடிஞ்சிருச்சுங்க" என்றாள். "கண்ணைத் திறக்காதீங்க, சொல்லி முடிச்சிடறேன். அந்த நாலு வருஷ நார்மல், அது உங்க ரத்தம் இல்லீங்க, என் திமிரு."