வயிற்றின்மேல் இருந்த கை

கட்டுக்கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில், பிற்பகல் மூன்று பத்துக்கு, ஐந்து பேர் சுற்றி நிற்கும்போது.

அவள் குழந்தைகள் வார்டின் இளைய டாக்டர். ஜன்னலோரக் கட்டிலில் நான்கு வயதுப் பெண் குழந்தை. குளிப்பாட்டும்போது வயிற்றில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டதென்று அம்மா தூக்கிக்கொண்டு ஓடிவந்திருந்தாள். சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி என்றது ஸ்கேன். அரிதானது. ஆனால் சிதறாமல் முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். அமுக்கினால் உறை கிழிந்து வயிறெங்கும் பரவிவிடும். அதனால் அந்தக் குழந்தையின் வயிற்றில் யாரும் கை வைக்கக் கூடாது. டாக்டருக்குத் தெரியாததா?

அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். சுற்றிலும் ஐந்து மாணவர்கள்.

"படிச்சா மட்டும் போதுமா மேடம்? கையில படணும்ல?" என்றான் ஒருவன்.

"மேடமே தொட்டுப் பார்த்திருக்காங்களோ என்னவோ!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது.

சட்டையை விலக்கிக் கை வைத்தாள்.

அவள் உள்ளங்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே இன்னொரு கை இருந்தது. சின்னக் கை... ஐஸ் மாதிரி.

"கையை எடுடா கண்ணு."

"நான் இல்லியே" என்றது குழந்தை. இரண்டு கைகளாலும் பொம்மையைக் கட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கை அவள் விரல்களை மேலே தள்ளியது...

மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வாங்க வெட்கமாக இருந்தது.

அமுக்கினாள்.

மறுநாள் ஆபரேஷன். கட்டி கிழிந்திருந்தது.

"இனி வயிறு முழுக்கக் கதிர்வீச்சு கொடுக்கணும்" என்றார் தலைமை டாக்டர். எப்படிக் கிழிந்தது என்று கேட்கவில்லை. தானாகவும் கிழிவதுண்டு.

வெளியே அந்த அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்மா." கைகளை எங்கே கொண்டுபோய் ஒளிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

நேரே தலைமை டாக்டரின் அறைக்குப் போனாள்.

"சார்... நான் அமுக்கிட்டேன். பசங்க சிரிச்சாங்கன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சின்னக் கையைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஜில்லுன்னு இருந்துச்சா?" என்றார்.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"என்னையும் தள்ளிப் பார்த்துச்சும்மா... நானும் கையை எடுக்கல."