கஞ்சா விற்ற வேலுத்தாய்

வேலுத்தாய்க்கு நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிற வேலை. 2007இல் பங்குனிப் பொங்கலுக்குக் கம்பெனி லீவு விட்டிருந்தபோது, அவள் தெருவுக்கே சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

சாத்தூர்க்காரரான காளிராஜ் இயக்கும் முதல் படம். சந்துகளில் கஞ்சாப் பொட்டலம் விற்றுப் பிழைக்கிற நாலு பேரின் கதை. அதில் பொட்டலம் மடிக்கிற பெண்ணாக நடிக்க மதுரையிலிருந்து ஒரு நடிகை வந்திருந்தார். அவருக்கோ மடிப்பே வரவில்லை. மூன்று முறை இலை தரையில் கொட்டியது. கூட்டத்தில் நின்ற வேலுத்தாய்க்குக் கை பரபரத்தது.

"இங்கன கொடுங்கம்மா" என்று வாங்கி, பேச்சு வாக்கில் பத்துப் பொட்டலம் மடித்துப் போட்டாள்.

காளிராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, இந்த வேசத்த நீங்களே பண்ணுதீகளா?"

வேலுத்தாயின் புருஷன் பலவேசம், லாரிக்கு லோடு ஏற்றுகிறவர், குறுக்கே வந்தார். "பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம். இவ கஞ்சா வித்தா ஊரு சிரிக்காதா?"

"நெசமாவா விக்கப் போறேன்? நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள் வேலுத்தாய். அவளுக்கே அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

அவளுக்குக் கொடுத்த காட்சியில், போலீஸ் வந்ததும் அவர் காலில் விழுந்து அவள் அழ வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தது.

"அழுதா மாட்டிக்கிடுவோம்ல தம்பி?" என்று கேட்டாள்.

"அப்ப என்ன செய்வீக?"

பொட்டலங்களை அள்ளித் தரையில் போட்டு அவற்றின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். போலீஸாக நடித்தவர் உள்ளே வந்ததும், "வாங்க ஏட்டய்யா, வெயில்ல வந்திருக்கீக. மோர் குடிக்கீகளா?" என்றாள். காளிராஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த முதல் டேக்கையே வைத்துக்கொண்டார்.

மறு வருஷம் படம் வந்தது. சிவகாசி தியேட்டருக்குக் கம்பெனிப் பெண்கள் ஒரு வேன் நிறையப் போனார்கள். வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்த பலவேசமும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். மோர் காட்சியில் தியேட்டரே கைதட்டியது. பின்னாலிருந்து நீளமாய் ஒரு விசில். வேலுத்தாய் திரும்பிப் பார்த்தாள். பலவேசம் விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

படம் பதினோரு நாள்தான் ஓடியது. ஆனாலும் பொண்ணு பார்க்க வந்த விருதுநகர் சம்பந்தியம்மா ஞானசுந்தரி, வாசலிலேயே அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"படத்துல வாரது நீங்கதான? எங்க வீட்ல ரெண்டு தடவ பாத்தாக!"

வேலுத்தாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "உக்காருங்க, காப்பி போடுறேன்" என்று அடுப்படிக்குள் ஓடினாள். வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

காளிராஜ் அடுத்த படத்துக்கும் அவளைக் கூப்பிட்டார். படப்பிடிப்பு தீபாவளி சீசனில். ஆர்டர் நெருக்குகிறது, லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டாள். அதில் வருத்தமொன்றும் இல்லை. காலையில் கம்பெனி வேன் வரும்போது ஜன்னலோர இடத்தை யாரும் பிடிப்பதில்லை. படம் வந்ததிலிருந்து அது அவளுக்கென்று ஆகிவிட்டது. காற்று முகத்தில் அடிக்க, அவள் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போவாள்.