மலிவாகக் கிடைத்த மனை

தோல் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நிலம் வாங்குவது எப்படி என்று படிக்க ஆரம்பித்தேன். வாத்தியார் என் கைப்பேசிதான். "வணக்கம் மக்களே" என்று வீடியோவில் ஒருவர் தொடங்குவார். நானும் வணக்கம் சொல்வேன். பல நாட்களில் நான் வாய்திறந்து பேசும் முதல் வார்த்தை அதுவாகத்தான் இருந்தது. மனைவி இறந்த பிறகு வீட்டில் வேறு யாரிடம் பேசுவது?

வீடு என்று சொல்வதே அதிகம். ஆம்பூரில், நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு, ஊர்ப் பேச்சில் தோல் ஷாப்புக்கு, பின்தெருவில் ஓர் அறை, அதிலேயே ஒரு சமையல் மூலை. சென்னையில் இருக்கும் மகள் பிள்ளைகளோடு காலை ரயிலில் வருவாள், சாயங்கால ரயிலில் கிளம்பிவிடுவாள். ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. பாவம், எங்கே படுப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கி இரண்டு அறை கட்டிவிட்டால் தங்குவாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் தரகரிடம் அதை எப்படிச் சொல்வது? முதலீடு என்று சொன்னேன். கேட்கவும் கௌரவமாக இருந்தது.

படிப்பில் நான் மோசமில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது, மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்றில் அடமானம் ஏதாவது உண்டா, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கியாயிற்றா என்று கேட்டுக் கேட்டுத் தரகரின் பிராணனை வாங்கினேன்.

"இன்னாணா, வக்கீலுக்கு மேல கேக்குறீங்க" என்று சலித்துக்கொள்வார். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

வாணியம்பாடிப் பக்கம் அவர் காட்டிய மனை பிடித்துப்போனது. கிழக்கு பார்த்தது, முன்னால் அகலமான சாலை. விலையோ மற்ற இடங்களைவிட ரொம்பவே கம்மி. விலை குறைவாக இருந்தால் அதற்கொரு காரணம் இருக்கும், அது தெரியாமல் வாங்காதே என்பது வீடியோ பாடம். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆளா நான்? பத்திரங்களை முழுக்கத் துருவினேன். சர்வே எண்ணைப் போட்டு நீர்நிலையா, புறம்போக்கா என்று பார்த்தேன். ஒரு குறையும் அகப்படவில்லை.

"வீட்ல இருக்கிறவங்கள ஒரு தடவ இட்டுனு வந்து காட்டிடுங்கணா. அப்புறம் முடிச்சிக்கலாம்" என்றார் தரகர். எல்லாரிடமும் சொல்வதுதான். இங்கே குடும்பத்தோடு வந்து பார்க்காமல் யாரும் மனை முடிப்பதில்லை.

"வீட்ல நான் மட்டுந்தான்பா" என்றேன். மறுநாள் முன்பணம் கொடுத்தேன்.

பத்திரப்பதிவுக்கு முன்னால் மகளை வரவழைத்துக் காட்டினேன். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னப்பா, இந்த நாத்தத்துலயா வீடு கட்டப்போற?"

"எந்த நாத்தம்?"

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். கூட வந்த தரகர் என்னையே பார்த்தார். "பின்னாடி கால்வாயில தோல் ஷாப்பு தண்ணி ஓடுதுணா. காலம்பூரா ஷாப்புலயே இருந்தவரு, தெரிஞ்சிதான் வாங்குறீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர்மேல் தப்பில்லை. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் முதல் நாள் நின்றபோது எனக்குக் குமட்டியது நினைவிருக்கிறது. அது எப்போது நின்றது என்றுதான் தெரியவில்லை.

முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ஆட்டோவில் மகளிடம் கேட்டேன்.

"நம்ம வீட்லயும் இப்டிதான் அடிக்குதாம்மா?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒன்னுமில்லப்பா. பசங்களுக்குதான் ஒத்துக்கல."

"அதான் தங்குறதில்லையா?"

"சொன்னா நீ மனசு கஷ்டப்படுவன்னு அம்மாதான் சொல்ல வேணாம்னுச்சி."

அன்றும் அவள் சாயங்கால ரயிலுக்குத்தான் டிக்கெட் எடுத்திருந்தாள். எப்போதும் ஸ்டேஷனில், இன்று ஒரு நாள் இருந்துவிட்டுப் போயேன் என்று கெஞ்சுவேன். அன்று கெஞ்சவில்லை.